சொட்டு ரத்தம் வராத கை

உப்பளம் என்ற பகுதியில் குழாயில் தண்ணீர் வராத வீட்டாரும், ஆடி மாதத்தில் வேண்டுதல் பாக்கி வைத்திருக்கும் வீட்டாரும் தேடிப் போவது ஒரே ஆளைத்தான். இராமதாஸுக்கு ஆண்டு முழுவதும் குழாய் வேலை. ஆடி பிறந்துவிட்டால், தெருக்கோவில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்களுக்குச் செடல் போடும் வேலை. உடம்பில் கொக்கி குத்திக்கொண்டு கோவில்வரை நடந்து வருவதைத்தான் அந்தப் பக்கத்தில் செடல் என்பார்கள். முதுகுத் தோலில் கொக்கி மாட்டி வேனையும் ஆட்டோவையும் இழுப்பவர்கள் உண்டு. கொக்கிகளில் எலுமிச்சம்பழங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. எதுவாயினும், குத்துகிற கை இராமதாஸின் கையாக இருக்கவேண்டும் என்றே தெருவார் விரும்பினார்கள். அவர் குத்தினால் சொட்டு ரத்தம் வராது என்பது ஊரறிந்த செய்தி.

ரத்தம் வராவிட்டால் அம்மன் வேண்டுதலை ஏற்றுக்கொண்டாள். வந்துவிட்டாலோ, விரதத்தில் குறை என்பார் ஒருவர். வீட்டில் தீட்டு என்பார் இன்னொருவர். குத்திக்கொண்டவர் படுகிற வலியைவிட அவர் வீட்டுப் பெண்கள் படுகிற பேச்சு அதிகம். இதில் பாதி அம்மனுடைய செயல், பாதி தம்முடைய செயல் என்பது இராமதாஸின் உள்ளத்தில் இருந்த கணக்கு. தோலைச் சதையினின்று பிரித்து மடித்து, விபூதி வைத்துத் தேய்த்து, அந்த இடம் மரத்துப்போகும்வரை இறுக்கிப் பிடித்திருந்து, பிறகு மடிப்பின் ஊடாகத் தயங்காமல் கொக்கியைச் செலுத்தவேண்டும். இந்தப் பக்குவத்தை அவர் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. "எல்லாம் அம்மா பாத்துக்குறா" என்று கைகூப்பிவிட்டுப் போவார். கைகூப்பினாலும், போகிற வழியெல்லாம் காது பின்னாலேயே இருக்கும். தம் கையைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வதைக் கேட்காமல் அவருக்கு ஆடி மாதம் நிறைவு பெறாது.

அதே தெருவில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் காத்தவராயன் அவருக்கு மச்சான். உறவு முறையில் வந்ததன்று. காத்தவராயனின் மனைவி நிர்மலா இவரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த முறை தானே வந்து ஒட்டிக்கொண்டது. கார்த்திகை மழையில் பிள்ளைகளையெல்லாம் வீடு சேர்த்துவிட்டு வந்து வேனைப் பூட்டும்போது, காத்தவராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது என்றார்கள். அடைப்பை விரித்து, அந்த இடம் மறுபடியும் சுருங்காமல் இருக்க, ஸ்டென்ட் என்று சொல்லப்படும் மெல்லிய உலோக வலைக்குழல் ஒன்றை உள்ளே வைத்தார்கள். கதவுக்கு வெளியே நின்றிருந்த நிர்மலா, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எழுப்பிக் குடு தாயே, வர்ற ஆடிக்கே செடல் போட வெக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். ஓராண்டுக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது, யார் சொன்னாலும் எங்களைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். நிர்மலாவுக்கு அழுகை; காத்தவராயனுக்குத் தூக்கக் கலக்கம். அந்தப் பேச்சைக் காதில் வாங்கியவள் மகள் கவிநிலா ஒருத்திதான். செல்போன் கடையில் வேலை பார்க்கும் அவள், கிழமைக்கு ஓர் அறை உள்ள டப்பா ஒன்றை வாங்கி வந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மாத்திரைகளை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்து, அவர் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

இராமதாஸ் இந்த வைத்தியத்தைத் தம் தொழிலின் வழியாகவே புரிந்துகொண்டார். பழுதான குழாய்க்குள் ஒரு துண்டுக் குழாயைச் செருகிவிட்டார்கள்; தண்ணீர் ஓடுகிறது; வேலை முடிந்தது. அதற்குமேல் மாத்திரை எதற்கு என்று அவர் யோசித்ததில்லை. உடம்பு தேற ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சலூனில் காத்தவராயனுக்குத் தாடையில் கத்தி லேசாகப் பட்டுவிட்டது. கீறல் என்னவோ நகக்கண் அளவுதான். படிகாரம் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை. செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினார்கள், அதுவும் ஊறிப்போனது.

"ஸ்பிரிங் வெச்ச ஒடம்பு இல்ல? ரத்தமே துள்ளிக்கிட்டு வருது" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். சலூனே சிரித்தது. முறைக்காகக் காத்திருந்த இராமதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைத் துண்டில் சிவப்பு பரவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு இருந்த இடத்தில் அவருக்குக் காத்தவராயனின் முதுகு தெரிந்தது. சுற்றிலும் தெருக்கூட்டம் தெரிந்தது.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது மெல்லப் பேச்சை எடுத்தார்.

"மச்சான், என்னாதான் மாத்திர சாப்புடுற நீ?"

"ரெண்டு. ஒண்ணு வெள்ள, ஒண்ணு ரோஸு. ரத்தம் கட்டாம இருக்கவாம்."

"கட்டாம இருந்தா முதுவுல குத்துனா என்னா ஆவும்? சொட்டுமா, ஊத்துமா?"

காத்தவராயன் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "நீ குத்துனாதான் வராதே."

"எனக்கு உன் பயம் இல்ல மச்சான், உன் மாத்திர பயம். செடல் முடியற வரைக்கும் நிறுத்தி வையி. முடிஞ்ச கையோட மறுபடி ஆரம்பிச்சிடு. நாலு நாள்ல என்னா குடி முழுவிப் போவுது?"

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டா?"

"கேளேன். முதுவுல கொக்கி மாட்டப் போறேன் சார்னு சொல்லிப் பாரு. செடலும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு உன்ன மறுபடி கட்டில்லயே படுக்க வெச்சிடுவாரு. நிர்மலா வேண்டுன வேண்டுதல யாரு தீக்குறது?"

"கவிநிலா இருக்கே. எதுர்ல நின்னு தொண்டைய வேற பாக்குது, போலீஸு மாதிரி."

"உன் வேன்ல வர்ற புள்ளைங்க டீச்சருக்குத் தெரியாம முட்டாய எங்க ஒளிக்குது? பதினஞ்சு வருசமா கண்ணாடியில பாத்துக்கினுதான வர, அதக்கூடவா கத்துக்கல?"

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து, மகள் கொடுத்த மாத்திரைகளைக் காத்தவராயன் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவள் வண்டியைக் கிளப்பியதும் துப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக் குப்பையில் போட்டால் அவள் கண்ணில் பட்டுவிடும் என்று டீக்கடைக்குக் கொண்டுவந்து இராமதாஸின் கையில் திணித்தார். "வெச்சிரு மச்சான், முடிஞ்சதும் சேத்து முழுங்கிடறேன்" என்று கேலியும் செய்தார். குழாய் மரையில் சுற்றும் வெள்ளை நாடாவைப் போட்டுவைக்கும் சிறு தகர டப்பாவில் இராமதாஸ் அவற்றை வைத்தார். வாயில் சற்றுக் கரைந்து ஓரம் தேய்ந்த மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

ஒரு காரியத்தில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார். தன் வேனையே இழுக்கவேண்டும் என்று காத்தவராயனுக்கு ஆசை. "நெஞ்சு நோவு கண்டவன் வண்டி இழுக்கறதா? எலுமிச்சம்பழம் போதும்" என்று முடிவாக மறுத்துவிட்டார். மச்சானின் உயிர்மேல் தமக்கு எவ்வளவு அக்கறை என்று அப்போது அவருக்கே தம்மீது ஒரு நிறைவு உண்டாயிற்று.

செடல் நாளன்று பழைய துறைமுகத்தை ஒட்டிய மணலில் பம்பை முழங்கியது. மஞ்சள் வேட்டியோடு மண்டியிட்ட காத்தவராயனின் முதுகைத் தடவிப் பார்த்து, தோலை மடித்து, விபூதி வைத்துத் தேய்த்தார் இராமதாஸ். கொதிநீரில் போட்டெடுத்த கொக்கிகள் ஒவ்வொன்றாக ஏறின, பழங்கள் ஆடின. கூட்டத்தின் கண்ணெல்லாம் முதுகின்மேல். முதுகு வறண்டே இருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நிர்மலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இராமதாஸ் கைன்னா கைதான்யா" என்று யாரோ சொன்னது பம்பைச் சத்தத்தையும் மீறி அவர் காதில் விழுந்தது.

அன்று மாலை மாத்திரை டப்பாவைப் பற்றி இருவருக்குமே நினைவில்லை. காத்தவராயன் வீட்டில் உறவுக்காரர் கூட்டம். இராமதாஸைச் சுற்றிப் பாராட்டுகிறவர் கூட்டம்.

பொழுது விடிந்தபோது காத்தவராயனுக்கு மறுபடியும் நெஞ்சில் வலி கண்டது. இந்த முறை உட்காரவும் முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் மருத்துவர் வந்து நின்றபோது, நிர்மலாவும் கவிநிலாவும் முன்னால் நின்றார்கள். வேலைக்குக் கிளம்பியவர் அப்படியே ஓடி வந்ததனால், இராமதாஸ் கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி தூணோரம் நின்றார். இளவயது மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்:

"ஏற்கெனவே வெச்ச ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. இப்ப அத எடுத்துட்டோம். அது உலோகம்மா, ஒடம்புக்கு வெளிப்பொருள். அதுக்கு மேல மெல்லிசா ஒரு படலம் வளந்து மூடற வரைக்கும் ரத்தம் அதுல ஒட்டிக் கட்டியாகப் பாக்கும். கட்டியாகாமத் தடுக்கத்தான் அந்த மாத்திரைங்க. நடுவுல நிறுத்தினாரா?"

"இல்ல சார். தெனமும் என் கையாலதான் குடுத்தேன். எதிர்லயே நிப்பேன்" என்றாள் கவிநிலா.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

மருத்துவர் யோசித்தார். "அப்படின்னா அந்த மாத்திர அவருக்குக் கேக்கல, இல்லாட்டி ஸ்டென்ட் சரியா விரியல. நாளைக்குக் காலைல மறுபடி உள்ள போயிப் பாக்கணும். இதயம் இப்ப பலவீனமா இருக்கு. ஆபத்து இல்லன்னு சொல்ல மாட்டேன்."

தூணோரம் நின்ற இராமதாஸின் பைக்குள் அந்தத் தகர டப்பா இருந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் மருத்துவர் திரும்பி நடந்துவிட்டார். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம், தாழ்வாரம் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை. அவர் கூப்பிடவில்லை. கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று வரச் சொல்லியிருந்தார்கள் என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு நினைவு வந்தது.

வழியில் மனைவி சரிதா போன் செய்தாள். "தெருவே கூடிக் கெடக்குது. நிர்மலாதான் ஏதோ கொற வெச்சிட்டாளாம். உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல. சொட்டு ரத்தம் வரல, இராமதாஸ் கையில தப்பு இல்லன்னு எல்லாருமே சொல்றாங்க." மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கருவடிக்குப்பத்து வீட்டில் மேல்தொட்டிக்கு ஏறும் குழாயை அவர் இணைப்பு இணைப்பாகக் கழற்றினார். பிளாஸ்டிக் குழாய் உள்ளே வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. நடுவில் முன்பு யாரோ போட்ட இரும்பு இணைப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உட்புறம் முழுவதும் உப்பு படிந்து, ஒரு குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

இந்தக் காட்சி அவருக்குப் புதிதன்று. கடலோர ஊர்த் தண்ணீரில், குழாய்க்குள் எங்கே உலோகம் இருக்கிறதோ அங்கேதான் முதலில் படியும் என்று எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார். இரும்பு போட்டால் அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும், சும்மா விட்டால் அடைக்கும் என்று எச்சரித்தும் இருக்கிறார். அதே வாயால்தான் மச்சானிடம், நாலு நாளில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்டிருந்தார்.

ரத்தம் வேறு, தண்ணீர் வேறு. அறியாமல் சொன்னேன் என்று தமக்குத் தாமே வாதாடிப் பார்த்தார். வாதம் நிற்கவில்லை. அறியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று காத்தவராயன் சொன்னாரே. வேண்டாம் என்று தடுத்தது யார்? நிர்மலாவின் வேண்டுதலுக்காகத் தடுத்தேன் என்று இதுவரை எண்ணியிருந்தார். குச்சி நுழையும் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தப் பொய்யும் கழன்று விழுந்தது. வேண்டுதலை அடுத்த ஆடிக்குத் தள்ளிவைத்திருந்தால் அம்மன் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள். தம் கையால் ரத்தம் வந்ததாக ஒரு பேச்சு வரக்கூடாது என்பதற்காக ஒரு மனிதனின் மருந்தை அவர் நிறுத்தியிருந்தார்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மாலையில் நோயாளியைப் பார்க்க ஒவ்வொருவராக விட்டார்கள். காத்தவராயன் ஒருக்களித்துக் கிடந்தார். முதுகில் கொக்கி ஏறிய இடங்களில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. குரல் தேய்ந்திருந்தது.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத மச்சான். நான் தெனமும் அவள ஏமாத்துனது தெரிஞ்சா கவி தாங்காது. உன் பேரும் கெட்டுப் போவும். எல்லாம் முடிஞ்சு போச்சி. இனிமே ஒழுங்கா சாப்புட்டுக்குறேன்."

"முடியல. நாளைக்கு மறுபடி உள்ள போறாங்களாம். மாத்திர உனக்குக் கேக்கலன்னு நெனச்சிக்கிட்டு."

காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டார். "போனாப் போவட்டும். பெரிய டாக்டருங்க, பாத்துக்குவாங்க."

காப்பாற்ற வந்தவனுக்கே தப்பிக்க வழி சொல்லித் தருகிறார் மச்சான். அந்த வழி இராமதாஸுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதுதான் அவரை அச்சுறுத்தியது. வெளியே வந்தார்.

தாழ்வாரத்து பெஞ்சில் நிர்மலா சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் சொல்லத் தொடங்கினாள், வெகுநேரம் அடக்கி வைத்திருந்தவள் போல.

"நாந்தாண்ணே காரணம். அம்மாளுக்குக் கூழு ஊத்தறதுக்கு முன்னாடி, உப்பு சரியா இருக்குதான்னு வெரல்ல தொட்டு நாக்குல வெச்சிட்டேன். படைக்கறதுக்கு முந்தி எச்சி பண்ணிட்டேன். பக்கத்து வூட்டுக்காரி பாத்துட்டா. அம்மா அப்படியே கேட்டுட்டா பாத்தியா?"

அவளுக்கு அப்பால், கவிநிலா மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையையும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒருவேள நான்தான் மாத்திக் குடுத்துட்டேனா? ஒரே மாதிரி வேற எதயாவது போட்டுட்டேனா? டாக்டர் நிச்சயமாவான்னு கேட்டாரே. நிச்சயம்னு சொல்லிட்டேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது."

இராமதாஸ் கருவிப் பையைத் தரையில் இறக்கினார். தகர டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அவள் மடியிலிருந்த டப்பாவின் பக்கத்தில் வைத்தார். வெள்ளையும் ரோஸுமாக மாத்திரைகள் ஒட்டிக் கிடந்தன.

"நீ ஒழுங்காத்தான் குடுத்த. உங்கப்பன் முழுங்கல. முழுங்காதன்னு சொன்னவன் நான்."

கவிநிலா புரியாமல் பார்த்தாள்.

"குத்தும்போது ரத்தம் வந்துடும்னு பயந்தேன். வந்தா என் பேரு போயிடும்னு. அதுக்காவ நிறுத்தச் சொன்னேன். கூழும் காரணம் இல்ல, நிர்மலா. நீ நாக்குல வெச்ச உப்புக்கு அம்மா என்னா பண்ணப்போறா. நான் பண்ணது இது."

நிர்மலா இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணே என்ற சொல் அவள் வாயில் வந்து நின்று, வெளியே வராமல் போயிற்று. கவிநிலா எழுந்தாள். தகர டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு, மருத்துவர் அறையை நோக்கி நடந்தாள். சற்றுத் தூரம் போனவள் திரும்பி நின்றாள்.

"வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாத்திரைகளைப் பார்த்தார், என்றைக்கிலிருந்து என்று கேட்டார், இரண்டையுமா என்று கேட்டார். இராமதாஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

"காரணம் இதுதான்னா, நாளைக்கு உள்ள போக வேண்டியதில்ல. மருந்துலயே பாத்துக்கலாம்" என்றார் மருத்துவர். கவிநிலாவின் தோள்கள் தளர்ந்தன. அவர் தொடர்ந்தார்: "ஆனா இதயத் தசையில ஒரு பகுதி போயிடுச்சு. அது திரும்ப வராது. பிள்ளைங்க ஏறுற வண்டிய அவர் இனிமே ஓட்ட முடியாது."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபோது இராமதாஸுக்கு டீக்கடையும், வேன் கண்ணாடியும், இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

ரத்தம் உறையாமல் இருக்க, கூடுதலான மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் செவிலி ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "முதுவுல குத்தின எடமெல்லாம் கசியுது. மருந்து போறதால நிக்க நேரமாகும். நானும் ஒரு ஆளத்தான பாக்க முடியும், யாராவது ஒருத்தர் கையுறை போட்டுக்கிட்டு அழுத்திப் புடிங்க."

நிர்மலா எழுந்தாள். கவிநிலா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு இராமதாஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை.

"நீங்க போங்க மாமா. எங்கெங்க குத்துனீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் உள்ளே போனார். காத்தவராயன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கிடந்தார். இராமதாஸ் சொல்லிவிட்டார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பஞ்சை எடுத்தபோது, தாம் குத்திய இடங்களில் ஒவ்வொன்றாக ரத்தம் துளிர்த்து முதுகு வழியே இறங்குவதை இராமதாஸ் கண்டார். அவர் கை பட்ட இடத்தில் அதுவரை அவர் காணாத காட்சி. புதிய பஞ்சை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். சிவப்பு மெல்லப் பரவியது. இன்னொரு பஞ்சை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"வருதா மச்சான்?" என்றார் காத்தவராயன், முகத்தைத் திருப்பாமல்.

"வருது."

"நிக்குமா?"

"நிக்கற வரைக்கும் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றார் இராமதாஸ்.